சத்தியம் செய்யவும் விடமாட்டோம்: சார்லஸ் பிராட்லாவின் ஆறாண்டு வழக்கு

1882 பிப்ரவரி 21. லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கூடியிருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற ஆகிருதியும் கொண்ட ஒருவர் சபை நடுவே விறுவிறுவென்று நடந்து மேசைக்கு வருகிறார். பையிலிருந்து ஒரு புதிய ஏற்பாட்டையும் ஒரு தாளையும் எடுக்கிறார். உறுப்பினர்கள் எடுக்கவேண்டிய பிரமாணத்தைத் தானே வாசிக்கிறார், புத்தகத்தை முத்தமிடுகிறார், தாளில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைக்கிறார். பிறகு போய் உறுப்பினர் இருக்கை ஒன்றில் உட்கார்ந்துகொள்கிறார். புரோகிதர் வரமாட்டேன் என்றுவிட்ட கல்யாணத்தில் மாப்பிள்ளையே மந்திரம் சொல்லிக்கொண்டது போல.

அவர் சார்லஸ் பிராட்லா, அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெயர்பெற்ற நாத்திகர். கடவுளைத் துணைக்கழைத்து முடியும் பிரமாணத்தை எடுத்தே தீருவேன் என்று நாத்திகர் நிற்கிறார். கடவுளை நம்புகிறவர்கள் எடுக்கவே கூடாது என்று மறிக்கிறார்கள். 1880 தொடங்கி 1886 வரை, ஆறு ஆண்டு நடந்த இந்தக் கூத்துக்கு நடுவில் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பிராட்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நாத்திகத்திலிருந்து தொடங்குவார்கள். எனக்கென்னவோ அவரைப் புரிந்துகொள்ள வேறு வாசல் வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் அடிப்படையில் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவருடைய அப்பாவும் அதே வேலைதான். எந்தச் சண்டையானாலும் 'இதற்குச் சட்டம் எங்கே, காட்டு' என்று கேட்கும் குணம் அவருக்கு அந்த மேசையிலிருந்து வந்தது. அவர் வென்றது, தோற்றது இரண்டையும் அந்தக் குணத்தை வைத்துத்தான் விளக்க முடியும்.

1833 செப்டம்பர் 26 அன்று கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டனில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சின்ன வயதிலேயே நின்றுவிட்டது. அலுவலகத்தில் எடுபிடி வேலை, பிறகு நிலக்கரி வியாபாரி ஒருவரிடம் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தார். பேராயர் வருகை தர இருந்த நேரம், ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டுப் படித்து மாணவர்களைத் தயார்செய்யும் பொறுப்பு பையனிடம் வந்தது. இரண்டும் சில இடங்களில் ஒத்துவரவில்லை. விளக்கம் கேட்டுப் போதகருக்குக் கடிதம் எழுதினான். போதகர் விளக்கம் தரவில்லை. பையன் நாத்திகனாகிவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லி, பாடம் நடத்துவதிலிருந்து நிறுத்திவைத்தார். அதுவரை அவன் நாத்திகன் இல்லை. இரண்டு ஆவணங்களுக்குள் முரண்பாடு கண்ட ஒரு குமாஸ்தாப் பிள்ளை, அவ்வளவுதான்.

வீட்டில் தகராறு முற்றி, பதின்ம வயதிலேயே வெளியேறினார். பேச்சுரிமைக்காகப் பல ஆண்டு சிறையிலிருந்த பதிப்பாளர் ரிச்சர்ட் கார்லைலின் துணைவி எலிசபெத் ஷார்ப்பிள்ஸ் இடம் கொடுத்தார். 17 வயதில் முதல் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. கடன் சேர்ந்தது. 1850-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகலாம் என்ற நினைப்பில் சேர்ந்தவரைக் கொண்டுபோய் இறக்கியது அயர்லாந்தில். பஞ்சத்தால் குலைந்துபோயிருந்த அந்த நாட்டில், குத்தகைக்காரர்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றும் வேலைக்குக் காவலாகச் சிப்பாய்கள் போவதுண்டு. அந்தக் காட்சிகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பாட்டி முறையிலான ஒரு உறவினர் விட்டுப்போன சிறு சொத்தை வைத்து 1853-இல் தன்னை விடுவித்துக்கொண்டு லண்டன் திரும்பினார்.

அதன்பிறகுதான் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா வேலை. பகலில் அது, இரவில் மேடை. முதலாளியின் தொழிலுக்குப் பங்கம் வரக்கூடாதென்று மேடைக்கு 'ஐகனோக்ளாஸ்ட்', அதாவது சிலை உடைப்பவர், என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1860-இல் 'நேஷனல் ரிஃபார்மர்' இதழின் ஆசிரியரானார். 1866-இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார்.

1868-இல் அரசாங்கம் அந்த இதழின் கழுத்தைப் பிடித்தது. தெய்வ நிந்தனையோ ராஜத் துரோகமோ அச்சிட்டால் பறிமுதல் செய்ய முன்கூட்டியே ஜாமீன் பணம் கட்டவேண்டும் என்று ஒரு பழைய சட்டம் தூசி படிந்து கிடந்தது. வேறு பத்திரிகைகளுக்கு அதைக் காட்டுவதில்லை. பிராட்லா பணம் கட்ட மறுத்தார். மாட்சிமை தங்கிய அரசியாரின் அரசாங்கத்தை மீறி அச்சிடப்படுவது என்று இதழின் தலைப்பிலேயே போட்டார். நீதிமன்றத்தில் தானே வாதாடினார். அரசாங்கம் பின்வாங்கியது, 1869-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அதே காலத்தில், தனக்கு வரவேண்டிய பணத்துக்காக அவர் போட்ட ஒரு வழக்கில், நாத்திகன் சத்தியம் செய்ய முடியாது, ஆகவே சாட்சி சொல்ல முடியாது என்று கூண்டேற விடவில்லை. நாத்திகனை யார் ஏமாற்றினாலும் கேட்க ஆளில்லை என்ற அந்த நிலையை மாற்றி, நீதிமன்றங்களில் சத்தியத்துக்குப் பதில் கடவுள் பெயர் சொல்லாத உறுதிமொழி சொல்லலாம் என்று 1869-லும் 1870-லும் சட்டங்கள் வந்தன. பின்னால் நாடாளுமன்றத்தில் அவர் கையில் எடுத்த ஆயுதம் இந்தச் சட்டங்கள்தான்.

முடியாட்சியை எதிர்த்ததுகூட அவர் வழக்காடிய தினுசில்தான். 1870-களின் தொடக்கத்தில் குடியரசு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் போல் தெருவில் தடுப்பரண் கட்டச் சொல்லவில்லை. இப்போதைய ராஜ வம்சத்துக்கு மகுடம் கொடுத்தது நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம். கொடுத்த சபைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் உண்டு, என்றார். பத்திரத்தைப் படித்துக் காட்டி வாடகைதாரரைக் காலிசெய்யச் சொல்வது போல.

1874-இல் அவரிடம் வந்து சேர்ந்தவர் அன்னி பெசன்ட். பாதிரியாரான கணவரைப் பிரிந்து வந்த, அபாரமாகப் பேசத் தெரிந்த இளம்பெண். 1877-இல் இருவரும் சேர்ந்து, அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய கருத்தடைக் கையேட்டை மறுபதிப்புச் செய்து ஆறு பென்னிக்கு விற்றார்கள். அதே நூலை விற்றதற்காக பிரிஸ்டல் புத்தகக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்தார். எப்போது, எங்கே விற்கப்போகிறோம் என்று போலீசுக்கு முன்னதாகவே தகவல் கொடுத்துவிட்டு விற்றார்கள் இவர்கள். சாட்சி சொல்ல வருமாறு சார்லஸ் டார்வினைக் கேட்டார் பிராட்லா, டார்வின் மறுத்துவிட்டார். ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் தீர்ப்பானது. மேல்முறையீட்டில், ஆபாசம் என்று சொல்லப்பட்ட வாசகங்கள் எவை என்று குற்றப்பத்திரிகையில் குறிப்பிடப்படவில்லை என்ற நுட்பக் குறையைப் பிடித்து விடுதலை வாங்கினார்கள். மீண்டும் குமாஸ்தா வென்றார். பெசன்டுக்கு அந்த வெற்றி விலையில்லாமல் கிடைக்கவில்லை. நாத்திகமும் இந்த நூலும் காரணமாகக் காட்டப்பட்டு, 1878-இல் மகள் மேபலை அவரிடமிருந்து நீதிமன்றம் பிரித்துவிட்டது.

இப்போது பிரமாணத்துக்கு வருவோம். நார்தாம்ப்டன் செருப்புத் தைப்பவர்களின் ஊர். தலையாட்டிப் பழக்கமில்லாத தொழிலாளர்கள். 1868-லும், 1874-இல் இரண்டு தடவையும் அங்கே நின்று தோற்ற பிராட்லா, 1880 பொதுத்தேர்தலில் வென்றார். அது இரண்டு உறுப்பினர் தொகுதி. கூடவே வென்றவர் ஹென்றி லபூஷேர், பத்திரிகைக்காரர், குறும்புக்காரர். இதன்பிறகு தன்னை 'நார்தாம்ப்டனின் கிறித்தவ உறுப்பினர்' என்று சொல்லிக்கொள்வது அவருக்கு வேடிக்கையாகிவிட்டது.

மே 3 அன்று பிராட்லா சபைக்கு வந்து, சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். சத்தியம் செய்வதே தப்பு என்று நம்பும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களுக்கு 1833-இலிருந்தே அந்தச் சலுகை உண்டு. நீதிமன்றத்தில் நாத்திகர்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே சட்டப்படி உறுதிமொழி எடுக்க அனுமதிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பது அவர் வாதம். சபை ஒரு குழுவை அமைத்தது. வாக்குகள் சமமாகி, தலைவரின் ஒற்றை வாக்கில் முடியாது என்றானது.

இந்த இடத்தில்தான் பிராட்லா ஒரு தப்புக் கணக்குப் போட்டார் என்பது என் எண்ணம். உறுதிமொழி கூடாதென்றால் சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகைகளுக்கு ஒரு கடிதமும் எழுதினார்: பிரமாணத்தில் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆனாலும் அதன் சாரத்துக்குக் கட்டுப்படுவேன் என்று. நேர்மையான கடிதம். எதிராளிகளுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. மே 21 அன்று அவர் மேசைக்கு வந்தபோது சர் ஹென்றி டிரம்மண்ட் வுல்ஃப் எழுந்து ஆட்சேபித்தார். பொருளில்லை என்று எழுதிக்கொடுத்தவன் வாயால் வரும் சத்தியம் சத்தியமே இல்லை. சபை அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சபைக்கே அவமானம். அவருக்குப் பக்கத்தில் ராண்டால்ஃப் சர்ச்சில், பிற்காலப் பிரதமரின் தகப்பனார். பழமைவாதக் கட்சிக்குள் துடிப்பான நாலைந்து பேர் கொண்ட இந்தக் குழுவுக்கு, பிரதமர் கிளாட்ஸ்டனைச் சங்கடப்படுத்த ஒரு விஷயம் தேவைப்பட்டது. கடவுள் கிடைத்தார்.

கிளாட்ஸ்டன் ஆழ்ந்த பக்திமான். பிராட்லாவின் கருத்துகள் அவருக்குக் குமட்டல். ஆனாலும் வாக்காளர் அனுப்பிய ஆளைத் தடுக்கச் சபைக்கு உரிமையில்லை என்பதில் தெளிவாக இருந்தார். அவருடைய லிபரல் கட்சியில் எல்லோரும் அவர் பின்னால் வரவில்லை. அயர்லாந்துக்காகப் பேசிய பிராட்லாவை, அயர்லாந்து உறுப்பினர்களில் பலரும் கத்தோலிக்க மதபோதகர்களின் எதிர்ப்பைக் கண்டு கைவிட்டார்கள். ஜூன் 22 அன்று 275-க்கு 230 என்று சபை கதவை மூடியது. மறுநாள் சபையின் வாசற்கட்டையில் நின்று பேச அனுமதித்தார்கள், பேசினார், வெளியேறச் சொன்னார்கள், மறுத்தார். பிக் பென் மணி இருக்கும் கோபுரத்து அறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். வைத்திருக்க வைத்திருக்க அவர் தியாகியாகிவிடுவார் என்று புரிந்து, மறுநாளே எதிர்க்கட்சித் தலைவர் தானாக முன்வந்து விடுவிக்கச் சொன்னார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால் தலை சுற்றும். 1880 ஜூலையில் கிளாட்ஸ்டன் தீர்மானம் ஒன்றால், சட்டப் பொறுப்பு உங்களுடையது என்ற நிபந்தனையோடு உறுதிமொழி எடுக்க விட்டார்கள். உடனே ஒருவர் வழக்குப் போட்டார்: தகுதியில்லாமல் போட்ட ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு அபராதம். 1881-இல் நீதிமன்றம் பிராட்லாவுக்கு எதிராகச் சொன்னது, பதவி போனது, இடைத்தேர்தலில் மறுபடி வென்றார், மறுபடி தடுத்தார்கள். அந்த ஆகஸ்ட் 3 அன்று உள்ளே போக முயன்றவரைச் சபைச் சேவகர்களும் போலீசும் கட்டிப்பிடித்து, படிகளில் இழுத்து, முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கோட்டு கிழிந்தது, கைகளில் காயம். வெளியே ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை அவர் ஏவிவிடவில்லை.

தொடக்கத்தில் சொன்ன தானே-பிரமாணம் அடுத்த பிப்ரவரியில். அதற்காக வெளியேற்றப்பட்டார், மார்ச்சில் மறுபடி வென்றார். 1883-இல் கிளாட்ஸ்டன் உறுதிமொழி மசோதாவையே கொண்டுவந்தார். லத்தீன் கவி லுக்ரீஷியஸை மேற்கோள் காட்டி அவர் ஆற்றிய உரை அவருடைய ஆகச்சிறந்தவற்றில் ஒன்று என்பார்கள். மசோதா 289-க்கு 292, மூன்றே வாக்கில் தோற்றது. 500 பவுண்டு வழக்கில் மட்டும் பிராட்லா, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போய் வென்றார், அதுவும் குமாஸ்தா பாணியில்: இப்படி வழக்குப் போட அரசுக்குத்தான் உரிமை, வழிப்போக்கனுக்கு இல்லை. அதோடு விடாமல், அந்த வழக்குக்குப் பின்னால் நின்று செலவைத் தாங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் நியூடிகேட்மேல் எதிர்வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கினார். ஆனால் சபைக்கு எதிராகப் போட்ட வழக்கில், சபைக்குள் நடப்பதில் தலையிட மாட்டோம் என்று நீதிபதிகள் கையைக் கழுவிவிட்டார்கள். அந்த 1884 தீர்ப்பு இன்றும் நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய பாடங்களில் வருகிறது.

இங்கிலாந்துக்கு இது புதுசும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் ஜான் வில்க்ஸை மிடில்செக்ஸ் மக்கள் திரும்பத் திரும்ப அனுப்ப, சபை திரும்பத் திரும்பத் துரத்தியது. யூதரான லயனல் ரோத்சைல்ட், 'கிறித்தவனின் மெய்யான விசுவாசத்தின்மேல்' என்ற சொற்றொடருக்காக 1847 முதல் 1858 வரை வாசலில் நின்றார். கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் என்று ஒவ்வொருவராக உள்ளே விட்ட கதவு, கடைசி ஆளிடம் வந்ததும் இறுகிக்கொண்டது. முன்னால் நுழைந்தவர்களில் சிலரே உள்ளிருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

முடிவு வந்த விதம் சப்பென்று இருக்கும். 1885 பொதுத்தேர்தலில் பிராட்லா வென்றார். 1886 ஜனவரி 13 அன்று புதிய சபை கூடியது. பழமைவாத அரசின் நிதியமைச்சர், இவரைத் தடுங்கள் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதியிருந்தார். சபாநாயகர் ஆர்தர் பீல், சட்டம் சொல்லும் பிரமாணத்தை எடுக்க வரும் உறுப்பினரைத் தடுக்க எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் உரிமையில்லை என்று சொல்லி, ஆட்சேபத்தைக் கேட்கவே மறுத்தார். பிராட்லா நடந்து வந்தார், சத்தியம் செய்தார், உட்கார்ந்தார். 1880-இலேயே அப்போதைய சபாநாயகர் இதைச் சொல்லியிருந்தால் ஆறு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

உள்ளே வந்தவர் முதல்தரமான உறுப்பினராக இருந்தார் என்று அவரைத் துரத்தியவர்களே ஒப்புக்கொண்டார்கள். கூலியைப் பணமாகக் கொடுக்காமல் கடைச் சரக்காகக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை 1887-இல் இறுக்கினார். 1888-இல் அவர் கொண்டுவந்த மசோதா சட்டமானது: மத நம்பிக்கை இல்லாதவரும், சத்தியம் செய்வது தன் மதத்துக்கு விரோதம் என்பவரும், நாடாளுமன்றம் உட்பட எங்கும் உறுதிமொழி எடுக்கலாம். நம் சட்டமன்றத்தில் 'உளமார' என்று சொல்லிப் பதவியேற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒரு சொல்லுக்காகப் பத்துப் பேரால் படிக்கட்டில் இழுபட்ட மனிதர் எனக்கு நினைவுக்கு வருவார். இந்திய அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம்மில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

அவருடைய எல்லைகளையும் சொல்லவேண்டும். சோஷலிசம் அவருக்கு ஆகாது. 1884-இல் சோஷலிஸ்ட் தலைவர் ஹைண்ட்மனோடு லண்டனில் மேடையேறி அதை எதிர்த்து வாதிட்டார். எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதையும் எதிர்த்தார். உழைத்துச் சேமித்து முன்னுக்கு வந்த தனிமனிதரின் பார்வை அது. இளைய தொழிலாளர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெசன்டும் அவர்களோடு போனார். 1889-இல் அங்கிருந்தும் நகர்ந்து பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபைக்குப் போனார். பிராட்லாவுக்கு இது பெரிய அடி.

இங்கே சென்னைக்கு ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. 1880-களில் சென்னை இலௌகிக சங்கம் என்ற அமைப்பு லண்டன் மதச்சார்பின்மைச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு இயங்கியது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழையும், கூடவே ஓர் ஆங்கில இதழையும் நடத்தியது. பிராட்லா வட்டாரத்தின் கட்டுரைகள் அதில் தமிழாகின. சாதியையும் சடங்கையும் சாடிய அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். பெரியார் பிறந்து மூன்று, நாலு வயதாகியிருந்த காலம் அது. அதே 1882-இல்தான் பிரம்மஞான சபை அடையாற்றில் இடம் வாங்கியது. 1893-இல் பெசன்ட் இந்தியா வந்து, பிறகு அடையாறு சபைக்கே தலைவரானார். அவருடைய நாத்திக முகத்தை முன்பே படித்திருந்த ஊர் இது.

பிராட்லா இந்தியா வந்தது அதற்கு முன்பு. நாடாளுமன்றத்தில் இந்தியா பற்றிய விவாதமென்றால் இருக்கைகள் காலியாகிவிடும். அந்தக் காலி இருக்கைகளுக்கு முன் நின்று கேள்வி கேட்பதே வேலையாக வைத்திருந்ததால் அவருக்கு 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்ற பெயர். 1889-இல் கடும் நோயில் படுத்து எழுந்தவர், உடல் தேற அந்த டிசம்பரில் பம்பாய்க்குக் கப்பலேறினார். வில்லியம் வெடர்பர்ன் தலைமையில் கூடிய ஐந்தாவது காங்கிரசுக்கு வந்த பிரதிநிதிகள் 1,889 பேர், ஆண்டு எண்ணும் அதுவே. திரும்பிப் போனதும் 1890-இல் சட்டசபைகளைச் சீர்திருத்தத் தனி மசோதா கொண்டுவந்தார். காஷ்மீர் மகாராஜாவின் அதிகாரத்தைப் பறித்தது பற்றிச் சபையைக் கேட்டார். மசோதா நிறைவேறவில்லை. 1892-இல் அரசு தானே ஒரு நீர்த்த வடிவத்தைச் சட்டமாக்கியபோது அவர் இல்லை. லாகூரில் 1900-இல் திறந்த ஒரு மண்டபத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். லாலா லஜபதி ராயின் தேசியக் கல்லூரி பின்னால் அங்கே நடந்தது. பகத்சிங் படித்தது அதில்தான்.

1891 ஜனவரி 27 அன்று, பிராட்லா சத்தியமும் உறுதிமொழியும் எடுக்கக்கூடாது என்ற 1880-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து அடித்துவிடக் காமன்ஸ் சபை முடிவுசெய்தது. மரணப் படுக்கையில் நினைவு தப்பிக் கிடந்தவருக்கு அது தெரியாது. 30-ஆம் தேதி இறந்தார், வயது 57. லண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில் பிரார்த்தனையோ பேச்சோ இல்லாமல் அடக்கம் செய்தார்கள். லண்டனில் இருந்த இந்தியர் அனைவரும் போயிருந்தார்கள் என்று எழுதுகிறார் அன்று சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது மோகன்தாஸ் காந்தி. அவரும் போயிருந்தார்.

திரும்பும் வழியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்குகிறார். பூமியின் சுற்றளவு இத்தனை ஆயிரம் மைல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் உங்கள் கடவுளின் அளவென்ன, இருப்பதெங்கே? நம் இருவர் இதயத்திலும்தான், நமக்குத் தெரிந்தால், என்கிறார் பாதிரியார். என்னைக் குழந்தை என்று நினைத்தீரா என்று நாத்திகர் வெற்றிப் பார்வை பார்க்கிறார். பாதிரியார் பணிவோடு மௌனமாகிவிடுகிறார். நாத்திகத்தின்மேல் தனக்கிருந்த வெறுப்பு அந்தப் பேச்சைக் கேட்டதும் இன்னும் கூடிவிட்டது என்கிறார் காந்தி.